படம் கசிந்தால் பாய்கிற சட்டம்... நம் விவரம் கசிந்தால்?

திரைப்படத்துக்கும் நிறுவனத்துக்கும் நீதிமன்றத் தடை சில நாட்களில் கிடைக்கிறது. மருத்துவ ரிப்போர்ட் ஊர் சுற்றும் பாலிசிதாரருக்கு என்ன கிடைக்கிறது? 2027 மே மாதத்துக்குள் நாம் கேட்டாக வேண்டிய கேள்வி இது.

2024 செப்டம்பரில் டெலிகிராமில் இரண்டு சாட்பாட்கள் இயங்கிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தட்டினால் மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் ஆவணங்கள் பி.டி.எஃப்.ஆக வந்து விழும். இன்னொன்று, ஒரே தட்டில் யாரோ ஒரு பாலிசிதாரரின் பெயர், பாலிசி எண், உடல் பருமன் குறியீடு வரை எடுத்துக் கொடுக்கும். அவர்கள் எல்லோரும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, டாக்டர் எழுதிய நோய்க் குறிப்பு என எல்லாமே அந்தக் குவியலில் இருந்ததை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியே கொண்டுவந்தது. 3.1 கோடி பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக அந்த ஹேக்கர் பீற்றிக்கொண்டார். பெரிய அளவில் பாதிப்பு இல்லை, முக்கியமான தகவல்கள் பத்திரமாகவே உள்ளன என்பது முதற்கட்டமாக நிறுவனம் சொன்ன பதில்.

செய்தி வெளியான சில நாட்களிலேயே நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இந்தத் தகவலைத் தருகிற சாட்பாட்களையும் இணையதளங்களையும் இந்தியாவில் முடக்கும்படி டெலிகிராமுக்கும் ஹேக்கருக்கும் இடைக்கால உத்தரவு பிறந்தது. நிறுவனம் செய்தது சரியான காரியம்தான். ஆனால் அந்த வழக்கில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். வாதி, காப்பீட்டு நிறுவனம். எதிர்த்தரப்பில் டெலிகிராம் உள்ளிட்ட நிறுவனங்களும் முகம் தெரியாத ஹேக்கரும். சர்க்கரை அளவும் சிறுநீரகக் கோளாறும் யாருடையதோ, அந்த மனிதர்கள் வழக்கிலேயே இல்லை. தங்கள் ரிப்போர்ட் போனதா, தப்பியதா என்பதைக்கூட அவர்கள் பேப்பரைப் பார்த்துத்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நாட்டின் இணையச் சட்டத்தில் உள்ள ஒரு பெரிய கோணல் இதில் அப்படியே தெரிகிறது. 'இது என் சொத்து' என்று காகிதம் காட்ட முடிந்தவருக்கு நீதிமன்றத்தின் வாசல் அகலமாகத் திறக்கிறது. 'இது என் அந்தரங்கம்' என்று மட்டுமே சொல்ல முடிந்தவர் வெளியே காத்திருக்கிறார்.

அசோக் குமாரைத் தேடி

சொத்து உள்ளவரின் வாசல் எவ்வளவு அகலம் என்பதைத் தெரிந்துகொள்ள கோடம்பாக்கத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. திருட்டு விசிடி காலத்திலேயே, 2004-ல், குண்டர் சட்டத்தில் 'வீடியோ திருடர்'களையும் சேர்த்த மாநிலம் நம்முடையது. திருட்டு விசிடியிலிருந்து இணையத்துக்கு மாறியபோது ஒரு சிக்கல் வந்தது. யார் மீது வழக்குப் போடுவது? படத்தை ஏற்றுகிறவர் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அதற்கு நீதிமன்றங்கள் கண்ட வழிதான் 'ஜான் டோ' உத்தரவு. இந்திய நீதிமன்றங்களில் அந்த அநாமதேயப் பிரதிவாதிக்கு 'அசோக் குமார்' என்று பெயர். 2002 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை அனுமதியில்லாமல் காட்டிய கேபிள்காரர்களைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் முதலில் இப்படியொரு உத்தரவைத் தந்தது.

2012-ல் அது சென்னைக்கு வந்தது. 'கொலவெறி' பாட்டால் உலகமெங்கும் பேசப்பட்ட '3' படத்தின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அசோக் குமார் உத்தரவு பெற்றார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இணைய சேவை நிறுவனங்கள் செய்த வேலை என்ன தெரியுமா? படம் இருந்த பக்கத்தை மட்டும் அடைக்காமல், மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் போன்ற முழுத் தளங்களையே மூடிவிட்டன. குறும்படம் எடுத்து விமியோவில் போட்டிருந்த இளைஞருக்கும், பேஸ்ட்பினில் நிரல் சேமித்துவைத்திருந்த பொறியாளருக்கும் சேர்த்துப் பூட்டு. இதை எதிர்த்து 'அனானிமஸ்' ஹேக்கர் குழுவினர் அரசுத் தளங்களைத் தாக்கினார்கள். ஜூன் 9 அன்று பல நகரங்களில் முகமூடி அணிந்து தெருவில் இறங்கினார்கள். அந்த மாதமே உயர் நீதிமன்றம், குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டும்தான் முடக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. 2016-ல் மும்பை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல் இன்னும் கறாராக இருந்தார். ஒவ்வொரு முகவரியும் சரிபார்க்கப்பட்ட பிறகே தடை என்றார்.

கட்டுப்பாடு வந்தது, பசி அடங்கவில்லை. 2018 நவம்பரில் '2.0' படம் வெளியாகும் முன்பே 12,000-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றில் ஏறத்தாழ 2,000, திருட்டுப் படத் தளமான தமிழ்ராக்கர்ஸின் பெயர்களில் இருந்தவை. அப்படியும் ரிலீஸ் அன்றே படம் தமிழ்ராக்கர்ஸில் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் 'டைனமிக்' தடையைக் கொண்டுவந்தது. ஒரு தளத்தை மூடினால் வேறு பெயரில் முளைக்கும் அதன் நகலுக்குப் புது வழக்குப் போட வேண்டாம். பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகலாம். 2023-ல் அதே நீதிமன்றம், இன்னும் உருவாகாத படைப்புகளுக்கும் சேர்த்தே பாதுகாப்பு தரும் 'டைனமிக் பிளஸ்' வரை போனது. அதே ஆண்டு நாடாளுமன்றம் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, திரையரங்கில் படத்தைப் பதிவு செய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் என்றது. தகவல் ஒலிபரப்புத் துறை தனி அதிகாரிகளை நியமித்தது. தயாரிப்பாளர் அவர்களிடம் புகார் கொடுத்தால், நீதிமன்றம் போகாமலே 48 மணி நேரத்தில் திருட்டுப் பிரதி நீக்கப்பட வேண்டும்.

சில நூறு பேரின் உழைப்பும் வட்டிக்கு வாங்கிய பணமும் ஒரு வெள்ளிக்கிழமையில் கரைந்துபோவதைத் தடுக்க இவ்வளவும் தேவைதான். அதில் மறுப்பு இல்லை. கவனிக்க வேண்டியது அந்த வேகம். சட்டம் மனது வைத்தால் முன்கூட்டியே தடுக்கும், முகம் தெரியாதவரையும் துரத்தும், புதுப் புது முகவரிகளைத் தொடர்ந்துபோய் அடைக்கும் என்று இருபது ஆண்டு அனுபவம் காட்டுகிறது.

முகமூடி கழன்ற இடம்

பதிப்புரிமைக்காகத் தனியுரிமையின் கதவையும் நீதிமன்றம் திறக்கும். 2022 ஆகஸ்டில் நடந்தது அது. போட்டித் தேர்வுப் பயிற்சி ஆசிரியர் நீத்து சிங்கின் பாடக் குறிப்புகளையும் வகுப்பு வீடியோக்களையும் டெலிகிராம் சேனல்கள் அனுமதியில்லாமல் விநியோகித்தன. அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சேனல் நடத்துகிறவர்கள் யார் என்று டெலிகிராம் சொல்ல வேண்டும் என்பது கோரிக்கை. பயனாளர்களின் தனியுரிமை, தரவு சேமிக்கப்பட்டுள்ள சிங்கப்பூரின் சட்டம் என்று டெலிகிராம் பல காரணங்களைச் சொல்லிப் பார்த்தது. நீதிபதி பிரதிபா சிங் ஏற்கவில்லை. திருடுகிறவருக்குத் தனியுரிமை கேடயமாக முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். நவம்பரில் பெயர், தொலைபேசி எண், ஐ.பி. முகவரி அடங்கிய பட்டியல் மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு வந்தது.

ரகசியம் காப்பதையே விளம்பரமாக வைத்திருக்கும் ஒரு செயலி, பாடக் குறிப்புக்காகப் பெயர்ப் பட்டியலை எடுத்து நீட்டியது. அதே செயலியில்தான் இரண்டு ஆண்டுகள் கழித்து நோயாளிகளின் ரிப்போர்ட் சாட்பாட் வழியாக வழங்கப்பட்டது. ஒரு சாட்பாட்டை நீக்கினால் இன்னொன்று முளைத்தது.

இணையத்தில் எதையாவது நீக்கச் சொல்வதிலும் இரண்டு வரிசை இருக்கிறது. 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் இணைய நிறுவனங்கள் ஒரு பதிவை நீக்கக் கடமைப்பட்டவை என்றது. யாரோ புகார் சொன்னார் என்பதற்காகப் பேச்சு முடக்கப்படக் கூடாது என்ற நல்ல எண்ணம் அது. ஆனால் மறு ஆண்டே மைஸ்பேஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று பிரித்துவிட்டது. உரிமையாளர் எந்தப் படைப்பு, எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டு நோட்டீஸ் கொடுத்தாலே போதும். 36 மணி நேரத்தில் இறக்க வேண்டும். பாட்டு கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் போதும். வீட்டு முகவரியும் போன் நம்பரும் அம்பலப்படுத்தப்பட்டவர், தளம் மறுத்தால் அரசின் மேல்முறையீட்டுக் குழுவையோ நீதிமன்றத்தையோ நாட வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 2021-ல் வந்தபோது தகவல் தொழில்நுட்ப விதிகள், அந்தரங்கப் படங்களும் மார்ஃபிங் படங்களும் பாதிக்கப்பட்டவர் புகார் தந்த 24 மணி நேரத்தில் நீக்கப்பட வேண்டும் என்றன. காகிதத்தில் அருமையான விதி. நடைமுறை எப்படி என்பது 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிந்தது. சட்டம் படித்த, வழக்கறிஞராகவே இருந்த ஒரு பெண்ணின் அந்தரங்கப் படங்கள் ஏராளமான தளங்களில் பரவின. புகார் கொடுத்தும் நிற்கவில்லை. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்துக்குள் அனைத்தையும் முடக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அதன் பிறகும் படங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டின. அந்த வழக்கின் அழுத்தத்தில்தான் இப்படிப்பட்ட படங்களை நீக்கும் நடைமுறையை மத்திய அரசு வகுத்தது. ஒரு வழக்கறிஞரே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததென்றால், செய்யாறிலோ செங்கோட்டையிலோ கல்லூரியில் படிக்கிற பெண்ணின் கதி என்ன?

நக்கீரன் தொடங்கிவைத்தது

அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று இந்த நாட்டில் வாதம் வளர்ந்த கதையில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு இடம் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் முயன்றது. அதில் காவல்துறை அதிகாரிகளின் பெயர்கள் வரும் என்பதால் சிறை நிர்வாகம் தடுக்கப் பார்த்தது. ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இரண்டு காரியங்களைச் செய்தது. தனிமனிதரின் வாழ்க்கையைத் தோண்டாமல் விட்டுவிடச் சொல்லும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள்ளேயே இருக்கிறது என்றது. கூடவே, பொது ஆவணத்தில் உள்ளதற்கும் அரசு ஊழியர் பணியில் செய்ததற்கும் அந்தத் திரை கிடையாது என்றது. மக்களுக்கு மறைப்பு, அதிகாரத்துக்கு வெளிச்சம் என்ற இரட்டைக் கோட்பாடு அது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த ஆதார் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அதன் பிறகு சட்டம் வரவேண்டும். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் அறிக்கையும் வரைவும் தந்தது. 2019-ல் மசோதா வந்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு இரண்டு ஆண்டு ஆராய்ந்தது. 2022 ஆகஸ்டில் மசோதாவையே திரும்பப் பெற்றார்கள். 2023 ஆகஸ்டில் புதிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டது 2025 நவம்பரில். நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் 18 மாதம், அதாவது 2027 மே. தீர்ப்புக்கும் அமலுக்கும் இடையே கிட்டத்தட்ட பத்து ஆண்டு.

காத்திருந்ததற்குப் பலன் இருக்கிறதா? இருக்கிறது. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நிறுவனம் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு விரிவான அறிக்கை தர வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று எளிய மொழியில் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

அபராதம் யார் பைக்கு?

அந்த 250 கோடி எங்கே போகும்? சட்டத்தின் 34-வது பிரிவு அதற்குப் பதில் சொல்கிறது: இந்தியத் தொகுப்பு நிதிக்கு. ரிப்போர்ட்டைப் பறிகொடுத்தவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வாரியத்தால் அபராதம் விதிக்க முடியும்; இழப்பீடு வாங்கித்தர முடியாது. சரி, சிவில் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்கிறது 39-வது பிரிவு.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே கையில் இருந்த கருவியையும் புதிய சட்டம் பிடுங்கிக்கொள்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. வங்கி விவரம், மருத்துவ ஆவணம், கைரேகை போன்ற நுண்மையான தகவல்களை ஒரு நிறுவனம் அலட்சியமாகக் கையாண்டு யாருக்காவது நஷ்டம் வந்தால், இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பவர், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். அந்த நாற்காலியில் அவர் ஒரு நீதிபதிக்குச் சமம். 2027 மே மாதம் 43ஏ நீக்கப்படும். கணினிக்குள் அத்துமீறிப் புகுந்தவர் மீதான 43-வது பிரிவு இருக்கும். ஆனால் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாத ஹேக்கரைத் தேடிப் பிடித்து இழப்பீடு கேளுங்கள் என்பது, வெள்ளத்தில் போன மாட்டுக்கு ஆற்றிடம் விலை கேட்கச் சொல்வதுதான்.

அந்த நாற்காலி வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி தமிழ்நாட்டிலேயே உண்டு. தூத்துக்குடியில் கணக்கு வைத்திருந்த, வெளிநாட்டில் வேலை செய்த ஒருவரின் பணம் போலி மின்னஞ்சல் மோசடியில் பறிபோனது. வங்கி கையை விரித்தது. அவர் தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரிடம் மனு போட்டார். 2010 ஏப்ரலில், அந்தத் தனியார் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. தனி ஒரு வாடிக்கையாளர், ஒரு மாநில அதிகாரி முன்னால் நின்று பெற்ற உத்தரவு அது.

புதிய சட்டத்தில் புகார் சொல்பவருக்கும் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறார்கள். பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். இழப்பீடு கிடைக்காது, தண்டம் மட்டும் உண்டு என்றால் யார் படியேறுவார்கள்? அரசு அமைப்புகளுக்கோ தாராளம். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களுக்காக எந்த அமைப்புக்கும் மத்திய அரசு விலக்கு தரலாம். தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் ஹேக்கர் புகுந்த ஊர் இது.

நக்கீரன் வழக்கின் இரண்டாவது பாதி என்ன ஆனது? புதிய சட்டத்தின் 44-வது பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்திவிட்டது. முன்பு ஓர் அதிகாரியைப் பற்றிய தகவலை மறுக்க வேண்டுமென்றால், அதற்குப் பொதுப் பணியோடு சம்பந்தமில்லை அல்லது அது அந்தரங்கத்தில் அத்துமீறுகிறது என்று காட்ட வேண்டும். இப்போது 'தனிநபர் தகவல்' என்ற ஒரு வரியே மறுக்கப் போதும். பொதுநலன் பெரிது என்று அதே அதிகாரிகளை நம்பவைத்தால் மட்டும் தகவல் கிடைக்கலாம். நிறுவனங்களின் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்தவர்கள், இந்தத் திருத்தத்துக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. 2025 நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. பாலிசிதாரரின் அந்தரங்கத்துக்கு 2027. அதிகாரியின் அந்தரங்கத்துக்கு உடனே.

முகம் யாருடையது?

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து கணக்கை இன்னும் சிக்கலாக்கிவிட்டது. இந்தச் சிக்கலில் பிரபலங்கள் முந்திக்கொண்டார்கள். 2015-ல் ரஜினிகாந்த் தன் பெயரை ஒரு இந்திப் படத் தலைப்பில் பயன்படுத்துவதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். பெயர், உருவம், பேச்சு நடை எல்லாம் அவருடைய ஆளுமை உரிமை என்றது நீதிமன்றம். 2023-ல் அனில் கபூர், 2025-ல் ஐஸ்வர்யா ராய், நாகார்ஜுனா என டெல்லி உயர் நீதிமன்றத்தில் வரிசை நீண்டது. டீப்ஃபேக் வீடியோவும் குரல் நகலும் தடைசெய்யப்பட்டன. இந்த உத்தரவுகள் பெரும்பாலும் புகழுக்குச் சந்தை மதிப்பு உண்டு என்ற அடித்தளத்தில் நிற்பவை. விளம்பரத்தில் ஒரு ரூபாய்கூட ஈட்டாத முகத்துக்கு இந்த வழி நீளுமா என்பது தெளிவில்லை.

பதிப்புரிமைச் சட்டமும் கைகொடுக்காது. புகைப்படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், சொன்னவருக்கு. படத்தில் நிற்பவருக்கு அந்தக் காரணத்தாலேயே எதுவும் கிடையாது. உறவினர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் உங்கள் முகம் இருக்கும், உரிமை இருக்காது.

தரவுச் சட்டத்திலும் ஓர் ஓட்டை. ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் மூன்றாவது பிரிவு சொல்கிறது. எல்லோரும் பார்க்கும்படி நீங்கள் போட்ட குடும்பப் படத்தை ஒரு நிறுவனம் அள்ளிக்கொண்டு போய் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தால் இந்தச் சட்டம் கேட்காது. இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தன் செய்திகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக ஓபன் ஏ.ஐ. மீது ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பதிப்பாளர்களும் இசை நிறுவனங்களும் தங்களையும் கேட்க வேண்டும் என்று வந்து நின்றார்கள். 2025 டிசம்பரில் மத்திய அரசுக் குழு ஒன்று, படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதித்து, பதிலுக்கு உரிமையாளர்களுக்கு ராயல்டி வாங்கித் தரலாம் என்று யோசனை வைத்தது. எழுத்துக்கு விலை பேச மேசை போட்டாகிவிட்டது. முகத்துக்கும் குரலுக்கும் அந்த மேசையில் நாற்காலி போடவில்லை.

அப்படியானால் நம் தகவலையும் சொத்து என்று அறிவித்துவிடலாமா? சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொத்து என்றால் விற்கலாம். விற்கலாம் என்றால் கஷ்டத்தில் இருப்பவர்தான் முதலில் விற்பார். ஐந்நூறு ரூபாய் கேஷ்பேக்குக்காக மருத்துவ வரலாற்றை எழுதிக்கொடுத்துவிட்டால் பிறகு திரும்பக் கேட்க முடியாது. உரிமை என்பது கொடுத்த பிறகும் நம்மிடம் மிச்சமிருக்க வேண்டும். அளவில்லாமல் விரிந்தால் அந்த உரிமையிலும் ஆபத்து உண்டு. வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024-ல் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. தீர்ப்புகளை இணையத்தில் தரும் இந்தியன் கானூன் தளம் மேல்முறையீடு செய்ய, உச்ச நீதிமன்றம் அந்த அமர்வின் உத்தரவுக்குத் தடை விதித்தது. மறக்கப்படும் உரிமையும் நீதிமன்ற ஆவணத்தின் வெளிப்படைத்தன்மையும் நேருக்கு நேர் மோதும் அந்த இடத்தில் அவசரத் தீர்வு கிடையாது.

நமக்குத் தேவை சொத்துப் பத்திரம் அல்ல, வாதியாக நிற்கும் தகுதி. அதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 82-வது பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமையை நேரடியாகவே தருகிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2008-ல் கைரேகை, முக வடிவம் போன்ற உடல் அடையாளங்களுக்குத் தனிச்சட்டம் போட்டது. சம்மதமில்லாமல் எடுத்தால், தனிமனிதரே வழக்குப் போடலாம்; அலட்சியத்துக்கு 1,000 டாலர், வேண்டுமென்றே செய்தால் 5,000 டாலர். படங்களில் முகங்களை அடையாளம் காட்டிய ஃபேஸ்புக், அந்தச் சட்டத்தால் 65 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. 2021-ல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தபோது, விண்ணப்பித்திருந்த சுமார் 16 லட்சம் பேருக்குத் தலைக்கு 345 டாலராவது கிடைக்கும் என்பது கணக்கு. அபராதம் அரசாங்கத்தின் பெட்டிக்குப் போகாமல் முகத்துக்குச் சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போனது.

உங்கள் தகவல் கசிந்தால்...

• பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். ஆரம்ப நேரத்தில் அழைத்தால் பணம் கைமாறுவதை நிறுத்த வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம்.

• ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ உங்கள் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வையுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

• உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

• நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்: என் தகவல் போனதா, என்ன போனது, என்ன செய்தீர்கள்? பதிலும் பதில் வராததும் பின்னால் ஆதாரமாக உதவும்.

• அந்தரங்கப் படம் பரவினால், நீக்கச் சொல்வதற்கு முன் முகவரி, தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு தளத்துக்கும் காவல்துறைக்கும் ஒரே நேரத்தில் புகார் கொடுங்கள்.

இரண்டு திருத்தம், ஒரு நாற்காலி

2027 மே மாதத்துக்கு முன் நாடாளுமன்றம் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, 43ஏ போகிற இடத்தில் அதைவிட வலுவான இழப்பீட்டுப் பிரிவு. தனியாகவும் கூட்டாகவும் கேட்கிற உரிமையோடு. லட்சம் பேருக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம் என்றால் யாரும் தனியாக வழக்குப் போட மாட்டார்கள். நிறுவனங்களுக்கு இது தெரியும். இரண்டு, திரைப்படத்துக்குத் தந்த 'டைனமிக்' தடையைக் கசிந்த மருத்துவ, வங்கித் தகவலுக்கும் அந்தரங்கப் படத்துக்கும் தருவது. ஒருமுறை உத்தரவு வாங்கினால் நகல் முளைக்கும் இடமெல்லாம் அது தொடர வேண்டும். கருவி கையில் இருக்கிறது. யாருக்காக எடுப்பது என்பதுதான் மாற வேண்டும். தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்த இரண்டையும் தனிநபர் மசோதாவாகக்கூடக் கொண்டுவரலாம்.

மாநில அரசோ டெல்லிக்காகக் காத்திருக்கவே தேவையில்லை. 43ஏ இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. அதை விசாரிக்கும் அதிகாரமும் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியிடம்தான் இருக்கிறது. இப்படி ஒரு மன்றம் உண்டு என்பது மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மனு எங்கே, எப்படித் தருவது என்று தமிழில் ஒரு பக்க அறிவிப்பு, மாவட்டந்தோறும் மனு வாங்க ஒரு மேசை, குறித்த காலத்தில் விசாரணை என்று அரசு ஏற்பாடு செய்தால், மிச்சமிருக்கும் மாதங்களில் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே கேட்க முடியும். சட்டத்தைத் திருத்தவோ பெரிய நிதி ஒதுக்கவோ வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். 2010-ல் நம் மாநிலம் செய்து காட்டிய வேலைதான் இது.